பாத்ரூம் கிளையும் ஓட்டை பனியனும்

ஆஸ்பத்திரியில் எனக்கு ‘மூச்சு சார்’ என்று பெயர். எக்ஸ்ரே அறையில் முப்பது வருஷமாக ஒரே வசனத்தைத்தான் பேசி வந்திருக்கிறேன். “மூச்ச இழுங்க. அப்படியே பிடிங்க. அசையாதீங்க. ம், விடுங்க.” ஒருமுறை அந்த ‘விடுங்க’வைச் சொல்ல மறந்துபோனேன். ஒரு பெரியவர் பாவம், சொன்ன பேச்சு தட்டாதவர், முகம் கறுக்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மகன் என்னை அடிக்காமல் விட்டதே பெரிய விஷயம். அவர் நல்லபடியாக வீட்டுக்குப் போய்விட்டார், பெயர் என்னிடம் தங்கிவிட்டது.

இந்த ஊரில் பாதிப் பேரை நான் உள்பக்கமாகப் படம் எடுத்திருக்கிறேன். மளிகைக்கடைக்காரரின் முழங்கால், டீச்சரின் கழுத்து, போலீஸ்காரரின் விலா எலும்பு எல்லாம் என் கைவண்ணம். ஆனால் அந்தப் படங்களுக்கு என்ன மரியாதை? டாக்டர் வெளிச்சப் பெட்டியில் செருகுவார், “ம்” என்பார், உருவிவிடுவார். நோயாளி அதை வீட்டுக்குக் கொண்டுபோய் பீரோவுக்கு மேலே போடுவார். “ஆஹா, என்ன படம்!” என்று யாரும் என் கையைப் பிடித்துக் குலுக்கியதில்லை. நான் எடுத்த படம் ஒன்று ஒரு சுவரில் நிலையாகத் தொங்க வேண்டும், அதற்கு முன்னால் நாலு பேர் நின்று பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு ஐம்பது வயதுக்கு மேல் வந்தது. அந்த வயதில் வருகிற மற்ற ஆசைகளோடு ஒப்பிட்டால் இது ஆபத்தில்லாதது என்று நானே என்னைத் தட்டிக்கொடுத்துக்கொண்டு கேமரா வாங்கினேன்.

பறவைகளைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. மனிதர்களை எடுத்தால், “என்ன இது, மூக்கு இவ்வளவு பெரிசா இருக்கு?” என்று சண்டைக்கு வருவார்கள். பறவை அப்படியெல்லாம் கேட்காது. நின்றால்தானே கேட்பதற்கு! எங்கள் ஊர்ப் பறவைப் படக் குழுவில் சேர்ந்து ஞாயிறுதோறும் ஏரிக்கரைக்குப் போனேன். பச்சைச் சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு, பீரங்கி மாதிரி லென்ஸைத் தூக்கிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு நடுத்தர வயது ஆண்கள் ஒரு குருவிக்காகப் புதருக்குள் குந்தியிருப்போம். என் கை பழகிய கை. “மூச்ச இழுங்க, பிடிங்க” என்று மனசுக்குள் சொல்லிவிட்டுத்தான் பட்டனை அழுத்தும். அதற்குள் குருவி இரண்டு மரம் தள்ளிப் போயிருக்கும். பறவை இப்போதுதான் எழுந்து போன கிளைகளின் படம் என்னிடம் இருக்கும் அளவுக்கு வேறு யாரிடமும் இருக்காது.

இதற்கிடையில் என் மனைவி வீட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள்.

படம் எடுத்தது நான்தான். திரையில் அந்த விரிசல் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் எக்ஸ்ரே எடுக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலின் சட்டம். கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனேன்.

“உடைஞ்சிருக்கா?” என்றாள்.

“டாக்டர் சொல்லுவார்.”

“சரிதான். உங்க மூஞ்சியே சொல்லுதே” என்றாள்.

ஆபரேஷன் நடந்து, உள்ளே தகடு வைத்து, அவள் மாதக்கணக்கில் பின்னறையில் படுத்துக் கிடந்தாள். கட்டிலுக்கு நேரே ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே முற்றம். முற்றத்தில் பாத்ரூம் குழாய்க்கும் சுவர் ஆணிக்கும் நடுவே நீல நைலான் கயிறு, துணி காயப்போட. அந்தக் கயிற்றில் தினமும் காலையில் ஒரு குண்டுக்கரிச்சான் வந்து உட்காரும். கறுப்பும் வெள்ளையுமான உடம்பு, தூக்கி நிறுத்திய வால், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய குரல். அவள் அதற்குப் ‘பாட்டுக்காரன்’ என்று பெயர் வைத்தாள். “இன்னிக்கு லேட்டு”, “இன்னிக்குப் புதுசா ஒண்ணு பாடினான்” என்று எனக்குச் சேதி சொல்வாள். நானோ ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே எழுந்து, அந்தப் பாட்டைத் தாண்டி, கயிற்றுக்கு அடியில் குனிந்து, பாடும் பறவையைத் தேடி ஏரிக்குப் பஸ் ஏறிக்கொண்டிருந்தேன். என் புத்திசாலித்தனத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

அவள் கம்பு ஊன்றி நடக்கத் தொடங்கிய சமயத்தில் வீட்டுக்காரர் வந்து, பழைய வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொன்னார். எங்கள் மகள் ஊரின் அந்தக் கோடியில் ஒரு அடுக்குமாடியில் வீடு பார்த்தாள். லிஃப்ட் உண்டு, அம்மாவுக்குப் படி ஏற வேண்டாம். எல்லாம் சரி. ஆனால் படுக்கையறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று என் மனைவி கேட்டாள். “ஏங்க, போறதுக்கு முன்னாடி பாட்டுக்காரனை ஒரு படம் எடுத்துக் கொடுங்க. அங்க கட்டிலுக்கு எதிர்ல மாட்டிக்கறேன். வேற எதுவும் நான் கேட்கல.”

உண்மையிலேயே அவள் வேறு எதுவும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதையும் செய்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். நான் முற்றத்தில் போய் நின்று, ஒரு கண்ணை மூடி, விரல்களால் சட்டம் மாதிரி பிடித்துப் பார்த்தேன். நீலக் கயிறு. சிவப்பு க்ளிப். க்ளிப்புக்குப் பக்கத்தில் என்னுடைய ஓட்டை பனியன். அந்தப் பனியனுக்கும் பாட்டுக்காரனுக்கும் நடுவில் அரையடி இடைவெளி கூட இருக்காது.

“இதையா எடுக்கறது?” என்றேன். “பறவைப் படம்னா அது இயற்கையா ஒரு கிளைமேல உட்கார்ந்திருக்கணும். கயிறு தெரிஞ்சா குழுவுல காறித் துப்புவாங்க.”

“அவனுக்குக் கயிறுதான் பிடிச்சிருக்கு.”

“அவனுக்கு என்ன தெரியும்?” என்றேன்.

இப்படிச் சொன்னவன், இரண்டு வருஷத்தில் ஒரு குருவியின் முகத்தைக்கூடத் தெளிவாக எடுத்திராதவன் என்பதைக் கவனிக்கவும். அதோடு நிறுத்தாமல் பனியனுக்கும் பாய்ந்தேன். “இந்தக் கந்தலை ஏன் தினமும் முதல் ஆளா காயப்போடற? அடிச்சுத் துவைச்சுத் துவைச்சு ஓட்டை பெருசாயிட்டே போகுது. தூக்கிப் போடேன்.”

“துணின்னா ஓட்டை விழத்தான் செய்யும்” என்று அவள் உள்ளே போய்விட்டாள்.

எங்கள் குழுவில் வருஷம் ஒரு கண்காட்சி உண்டு. நூலகத்தின் மாடிக் கூடத்தில் எல்லோர் படத்தையும் ஒரு நாள் மாட்டுவார்கள். ‘இயற்கையான கிளையில் பாடும் பறவை’ என்ற பிரிவுக்குத்தான் அடிதடி. ஏனென்றால் அதில் தேர்வாகிற படம் கீழே வாசிப்பு அறைச் சுவரில் வருஷம் முழுக்கத் தொங்கும். ஊரே வந்து பேப்பர் படிக்கிற அறை. எனக்குத் தூக்கத்தில்கூட அந்தச் சுவர்தான் வரும்.

அந்தப் பிரிவில் ஜெயிக்க ஒரு வழி உண்டு. எல்லோருக்கும் தெரியும், யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். பறவை தானாக உட்காருகிற கிளை பெரும்பாலும் லட்சணமாக இருக்காது. முன்னால் இலை மறைக்கும், பின்னால் குப்பைத்தொட்டி நிற்கும். அதனால் அழகான கிளை ஒன்றை வெட்டிக் கொண்டுபோய், வெளிச்சம் நன்றாக விழுகிற இடத்தில் ஒரு கம்பியில் இறுக்கி நிறுத்த வேண்டும். கீழே, படத்தில் தெரியாமல், தண்ணீர்க் கிண்ணம் வைக்க வேண்டும். தண்ணீருக்கு வருகிற பறவை, இறங்குமுன் கிளைமேல் ஒரு நிமிஷம் உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும். அப்போது அமுக்கிவிட வேண்டியதுதான். கிளையும் இயற்கை, பறவையும் இயற்கை, இரண்டையும் சேர்த்து வைத்தது மட்டும்தானே நான்? அதில் என்ன தப்பு என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடி ஜெயித்துவிட்டேன்.

ஒரு மழைக்குப் பிறகு ஏரிப் பாதையில் அந்தக் கிளை கிடைத்தது. முழங்கை நீளம். முழுக்கப் பச்சைப் பாசி, வெல்வெட் மாதிரி. ஒரு முனையில் அழகான வளைவு. நடுவில் தொப்புள் மாதிரி ஒரு கணு. பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பாசி காய்ந்துவிடக் கூடாது என்பதற்காக பாத்ரூமில் ஒரு வாளிக்குள் நிறுத்தி வைத்தேன்.

“குளிக்கும்போது யாரோ எட்டிப் பார்க்கற மாதிரியே இருக்கு” என்று என் மனைவி முணுமுணுத்தாள். ஆனாலும் தூக்கிப் போடவில்லை. பாசி ஒரு இழைகூட வாடாமல் நாளுக்கு நாள் செழித்தது. நான் வாரத்துக்கு ஒருமுறை அதன்மேல் தண்ணீர் தெளித்துவிட்டு, என் கைராசியை நானே மெச்சிக்கொள்வேன்.

பாட்டுக்காரனிடமும் அந்தக் கிளையைக் காட்டாமல் இல்லை. மனைவி கேட்டதையும் முடித்த மாதிரி இருக்கும், போட்டிக்கும் ஆகும் என்று ஒரு நாள் காலையில் கயிற்றுக்குப் பக்கத்திலேயே அதை நிறுத்தினேன். அவன் வந்தான். கிளைக்கு மேலாகப் பறந்துபோய்க் கயிற்றில் உட்கார்ந்தான். மறுநாள் என் கேமரா ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்தான். அதற்கும் மறுநாள் கேமராவின் மேலேயே உட்கார்ந்து பாடினான். ஜன்னலுக்குள்ளிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கு வந்த கோபத்தில் கிளையைப் பிடுங்கிக்கொண்டு ஏரிக்கே போனேன்.

அங்கே அதிர்ஷ்டம் அடித்தது. மஞ்சள் நிறத்தில் ஒரு மாம்பழச்சிட்டு வந்து கிளையின் வளைவில் உட்கார்ந்து வாயைத் திறந்தது. நான் மூச்சை இழு என்று சொல்வதற்குள் விரல் தவறிப் பட்டன்மேல் பட்டுவிட்டது. என் வாழ்க்கையின் முதல் தெளிவான பறவை அப்படித்தான் கிடைத்தது.

பெருமை தாங்காமல் அந்தக் கிளையைத் தாடியிடம் காட்டினேன். தாடி எங்கள் குழுவில் எனக்கு நெருக்கமானவர், குழாய் ரிப்பேர் பார்ப்பவர். “சார், ஒரே ஒரு வாரம் கொடுங்க” என்று கெஞ்சினார். “யார் கண்ணுலயும் படக் கூடாது” என்று சத்தியம் வாங்கிக்கொண்டு கொடுத்தேன். ஒரு வாரம் என்று போனது ஒரு மாதத்துக்கு மேல் கழித்து வந்தது. கம்பியால் இறுக்கிய தழும்பு ஒன்று போனபோது இருந்தது. வந்தபோது நாலைந்து இருந்தன. உலகத்தார் எலும்பில் முடி அளவு விரிசலைக் கண்டுபிடிக்கிறவன் நான். அதைப் பார்த்துவிட்டு, தாடிக்குக் கை நடுக்கம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

கண்காட்சி, நாங்கள் வீடு மாறுவதற்கு முந்தைய ஞாயிறு. அன்று காலை அவள் மறுபடியும் கேட்டாள். “இந்த வாரம் எப்படியும் எடுத்துடுவீங்கதானே?”

“இது முடியட்டும். பரிசு வாங்கின கையோட உன் ஆளை எடுக்கறேன்” என்றேன். என்ன ஒரு தாராளம் பாருங்கள்.

அவளும் என்னோடு வந்தாள். நல்ல புடவை கட்டி, கம்பை ஊன்றி, நூலகத்தின் மாடிப்படியில் ஒவ்வொரு படியாக நின்று நின்று ஏறினாள். மேலே போனதும் நான் நேரே என் படத்துக்கு முன்னால் போய் நின்றுவிட்டேன். ஃப்ரேம் கடைக்காரர்தான் அன்று காலையில் வந்து எல்லாவற்றையும் மாட்டியிருந்தார். குழுவிலிருந்த ஒவ்வொருவரும் அவரவர் படத்துக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தோம், கண்ணாடியில் தலை சீவுகிறவர்களைப் போல. மற்றவர் படத்தைப் பார்க்க யாருக்கு நேரம்?

அவளுக்கு நேரம் இருந்தது. வாசலுக்குப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு படமாக, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, பொறுமையாகப் பார்த்து வந்தாள். வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர், நரைத்த தலையும் பருத்திப் புடவையுமாக ஒரு அம்மாள், அவளுக்கு ஒரு படம் முன்னால் போய்க்கொண்டிருந்தார். கூடத்தில் யாரும் பேசவில்லை.

“ஏங்க!” என்று என் மனைவி கூப்பிட்டாள். “இது நம்ம பாத்ரூம் கிளை இல்ல?”

நான் திரும்பிப் பார்த்தேன். எங்கள் குழுச் செயலாளரின் படம். கொண்டைக்குருவி ஒன்று பாசிக் கிளையில் உட்கார்ந்திருந்தது. நடுவில் தொப்புள்.

“இதுவும் நம்ம கிளைதாங்க!” அடுத்த படத்தில் தேன்சிட்டு. “இதோ, இங்கயும்! பாருங்களேன், அந்த வளைவு!” அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தெரிந்த வீட்டுப் பிள்ளை பேப்பரில் வந்துவிட்ட மாதிரி, கம்பைத் தூக்கிச் சுட்டிச் சுட்டிக் காட்டினாள். “இதைத் தலைகீழா வச்சிருக்காங்க, அதான் சட்டுனு தெரியல.”

நடுவர் அவள் அருகில் வந்தார். “எந்தக் கிளைங்க அம்மா?”

“எங்க வீட்டு பாத்ரூம்ல வாளிக்குள்ள நிக்கும்ங்க. நான்தான் தினமும் ரெண்டு வேளை தண்ணி ஊத்தி வளர்த்தேன். இல்லேன்னா இந்தப் பாசி என்னிக்கோ கருகியிருக்கும்.”

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. தாடி ஜன்னல் வழியாக எதையோ தீவிரமாகப் பார்க்கத் தொடங்கினார். செயலாளர் டீ வந்துவிட்டதா என்று விசாரிக்கக் கீழே இறங்கிப் போனார். என் கிளை தாடியிடமிருந்து செயலாளருக்கும், செயலாளரிடமிருந்து இன்னொருவருக்கும், ஒவ்வொருவரிடமும் ‘யாருக்கும் தெரியக் கூடாது’ என்ற சத்தியத்தோடு ஊரைச் சுற்றி வந்திருக்கிறது. சத்தியத்தை எல்லோரும் ஒழுங்காகக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதனால்தான் ஆளாளுக்கு ஒரே கிளையைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறோம்.

நடுவர் அம்மாள் என் மனைவியோடு கூடத்தை இன்னொரு சுற்று வந்தார். கடைசியில் என் மாம்பழச்சிட்டுக்கு முன்னால் நின்று, “பரிசைக் கிளைக்கே கொடுத்துடலாம் போலிருக்கே” என்றார். யாரும் சிரிக்கவில்லை. இந்தப் பிரிவில் இந்த வருஷம் தேர்வு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் அவளே ஆரம்பித்தாள்.

“நான் வேணும்னு சொல்லலீங்க. நம்ம வீட்டுப் பொருள் இவ்வளவு பேர் வீட்டுக்குப் போய்ப் பேர் வாங்கியிருக்குன்னு பெருமையாத்தான் இருந்தது.”

“மானம் போச்சு” என்றேன்.

“உங்களுக்குப் போச்சு. எனக்கு என்ன போச்சுன்னு நினைச்சீங்களா?” குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள். “எழுந்திருக்க முடியாம கிடந்தேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போயிடுவீங்க, ஞாயித்துக்கிழமைன்னா ஏரிக்குப் போயிடுவீங்க. விடிஞ்சதும் என்னைப் பார்க்க வந்தது அவன் ஒருத்தன்தான். அங்க போனா சுவரைத்தானே பார்த்துட்டு உட்காரணும்? ஒரு படம் கேட்டேன். கயிறு நல்லால்ல, க்ளிப் நல்லால்லன்னு சொல்லிட்டீங்க. எனக்கு அவன் கயித்துலதானே பழக்கம்?”

எனக்கு வெட்கமாக இருந்தது. கூடத்தில் பட்ட வெட்கம் வேறு, இது வேறு. அது காதோடு நின்றது, இது நெஞ்சுக்குள் போனது. “நாளைக்கே எடுக்கறேன்” என்றேன்.

மறுநாள் லீவு போட்டேன். அவள் சாமான் கட்டிய களைப்பில் தூங்கிக்கொண்டிருக்க, விடியும்போதே ஜன்னலுக்குப் பக்கத்தில் கேமராவோடு உட்கார்ந்தேன். கயிறு இருக்கட்டும், க்ளிப்பும் இருக்கட்டும் என்று பெருந்தன்மையாக முடிவு செய்திருந்தேன். பனியனை மட்டும் எடுத்துவிட்டேன். கட்டிலுக்கு எதிரே ஆயுசு முழுக்கத் தொங்கப்போகிற படத்தில் என் கந்தல் எதற்கு? அதைச் சுருட்டிப் பழந்துணி மூட்டைக்குள் செருகினேன். பாட்டுக்காரன் வரவில்லை.

அடுத்த நாளும் உட்கார்ந்தேன். பக்கத்துக் கூரையில் குரல் கேட்டது, ஆள் இறங்கவில்லை. அதற்கடுத்த நாள் குரலும் இல்லை. மகள் வேறு வந்து பீரோவை நகர்த்துவதும் டேப் ஒட்டுவதுமாக வீட்டையே கலக்கிக்கொண்டிருந்தாள். அந்த அமளியில் என் மனைவிக்கு முற்றத்துப் பக்கம் வரவோ துணி காயப்போடவோ நேரமில்லை.

“வரலையா?” என்று அவள் கேட்பாள்.

“வரல.”

“நாம போறது தெரிஞ்சுபோச்சு போல” என்பாள். அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கிளம்புகிற நாளும் வந்தது. வாசலில் வண்டி நின்றது. அன்றும் விடியற்காலையில் உட்கார்ந்து ஏமாந்துவிட்டு, கேமராவை நானே ஒரு பெட்டிக்குள் வைத்து, அதற்கு மேல் மிக்ஸியையும் தோசைக்கல்லையும் அடுக்கி வண்டியில் ஏற்றிவிட்டேன். அதற்கு மேல் கட்டிலும் ஏறிவிட்டது. அவள் கயிற்றை அவிழ்க்கலாம் என்று முற்றத்துக்குப் போனாள். போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

“ஏங்க, பனியன் எங்க?”

“எந்தப் பனியன்?”

“ஓட்டை பனியன். நான் போட்டா போட்ட இடத்துல இருக்குமே.”

“படத்துல அசிங்கமா இருக்கும்னு நான்தான் எடுத்துட்டேன்.”

“எப்போ?”

“மொத நாளே.”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வையை எக்ஸ்ரே எடுத்து மாட்டலாம். கம்பை ஊன்றி உள்ளே போனாள். கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்தாள், துணியெல்லாம் தரையில் சிதற. பனியனைத் தேடி எடுத்து, உதறி, தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, கயிற்றில் அதே இடத்தில் அதே சிவப்பு க்ளிப்பால் மாட்டினாள். “இப்படி வந்து உட்காருங்க” என்றாள். வெறும் ஜன்னல் விளிம்பில் இருவரும் உட்கார்ந்தோம். வாசலிலிருந்து டிரைவர் ஹாரன் அடித்தான்.

அவன் வந்தான். கயிற்றில் உட்கார்ந்து வாலைத் தூக்கினான். ஒரு வரி பாடினான். பிறகு நகர்ந்து நகர்ந்து பனியனிடம் போய், ஓட்டையின் ஓரத்தை அலகால் பிடித்து, வெடுக்கென்று ஒரு நூலை இழுத்தான்.

“அந்தத் தெரு விளக்குக் கம்பத்துல ஒரு பொந்து இருக்குல்ல? அங்கதான் அவன் வீட்டுக்காரி கூடு கட்டறா” என்று அவள் கிசுகிசுத்தாள். “ஈரமா இருந்தா நூல் சுலபமா வரும். அதான் காலைலயே நனைச்சுப் போடுவேன்.”

இத்தனை நாள் நான் அவள் துணி துவைப்பதைத் திட்டிக்கொண்டிருந்தேன். என் பனியன் ஒரு குடும்பத்துக்கே மெத்தையாகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். அவள் என் தொடையில் இடித்தாள். “படம்!”

கேமரா கட்டிலுக்கு அடியில், மிக்ஸிக்கு அடியில், தோசைக்கல்லுக்கு அடியில் இருந்தது. அவள் தன்னுடைய பழைய போனை என் கையில் திணித்தாள். மூலையில் கீறல் விழுந்த கண்ணாடி. நான் தூக்கிப் பிடித்தேன். யாரையும் மூச்சைப் பிடிக்கச் சொல்லவில்லை, நானே பிடித்துக்கொண்டேன். ஒன்று எடுத்தேன். அவன் நூலோடு போய்விட்டான்.

கயிற்றையும் பனியனையும் அவிழ்க்கவில்லை. “இருக்கட்டும், கூடு முடிய இன்னும் வேணும்” என்று அவள் சொன்னாள். வீடு இடிக்கிற வரை அது அங்கேதான் தொங்கியிருக்கும்.

படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தபோது ஃப்ரேம் கடைக்காரர் ரொம்ப நேரம் பார்த்தார். “எதை சார் பெருசாக்கணும்? பனியனையா?” என்றார். அவர் மேல் குற்றமில்லை. போன் தன் புத்தியைக் காட்டிவிட்டது. பனியன் ஒவ்வொரு ஓட்டையோடும் பளிச்சென்று விழுந்திருந்தது. பாட்டுக்காரன் அதன் ஓரத்தில் மங்கலாக, ஒரு கறுப்பு வெள்ளைப் புள்ளி.

இப்போது அது புது வீட்டில் அவள் கட்டிலுக்கு எதிரே தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லோரும் அதற்கு முன்னால் நிற்கிறார்கள். நான் ஆசைப்பட்டபடியே நாலு பேர் நின்று பார்க்கிறார்கள், என் பனியனை. “இது என்ன?” என்று கேட்டால் அவள் எழுந்து போய்ப் புள்ளியைத் தொட்டுக் காட்டுவாள். “பாட்டுக்காரன். என் வீட்டுக்காரர் எடுத்தது” என்பாள். தாடி ஒரு நாள் அசடு வழிய வந்தார். வெகு நேரம் பார்த்துவிட்டு, “என்ன லென்ஸ் சார்?” என்று கேட்டார்.

ஜன்னலுக்கு வெளியே சுவர்தான். ஆனாலும் ஜன்னல் கம்பியில் தினமும் காலையில் என்னுடைய நல்ல பனியன் ஒன்றை நனைத்து மாட்டுகிறோம். அவள் ஆரம்பித்தாள், இப்போது நானே மாட்டுகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் அதை எடுத்து, ட்யூப் லைட்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, ஓரம் ஓரமாகப் பார்க்கிறேன். எங்கேயும் விரிசல் இருக்கக் கூடாதே என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண், ஒரு சின்ன ஓட்டையாவது விழுந்திருக்காதா என்று தேடுகிறது.

“விழுந்திருக்கா?” என்று கட்டிலிலிருந்து கேட்பாள்.

“சரியாத் தெரியல. நாளைக்குப் பார்க்கலாம்” என்பேன்.

“சரிதான். உங்க மூஞ்சியே சொல்லுதே” என்பாள். நான் பனியனை மடித்து, மறுநாள் காலைக்காக வாளி ஓரத்தில் வைப்பேன்.